கேள்வி–பதில்: பழைய நிரலை அழகுபடுத்தலாமா?

கேள்வி: பத்துப் பதினைந்து வருடப் பழசான ஒரு திறமூல சி++ திட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். ஒரு ஃபைலில் டேப், இன்னொன்றில் நாலு ஸ்பேஸ், சில ஃபங்ஷனுக்குள்ளேயே இரண்டும் கலந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் கிளாங்-ஃபார்மட்டில் (நிரலைத் தானாகவே ஒரே பாணியில் அடுக்கித் தரும் கருவி) ஓட்டி ஒரே பேட்ச்சாக (மாற்றங்களின் தொகுப்பாக) அனுப்பலாமா? – வாசகர், ஈரோடு

கேட்காமல் அனுப்பாதீர்கள். எண்ணம் நல்லதுதான், ஆனால் ஐம்பதாயிரம் வரி மாறியிருக்கும் பேட்ச்சை, திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் எப்படிப் படிப்பார்? நடுவில் ஒரே ஒரு வரி வேறு விதமாக மாறியிருந்தாலும் கண்ணில் படாது. போதாததற்கு, மற்றவர்கள் பாதி எழுதி வைத்திருக்கிற வேலையெல்லாம் மெர்ஜ் ஆகாமல் முட்டிக்கொண்டு நிற்கும். முதலில் குழுவிடம் பேசுங்கள். சரி என்றால் எப்போது செய்வது என்பதையும் அவர்களே சொல்லட்டும், பெரும்பாலும் ஒரு வெளியீட்டை ஒட்டி, கையில் பேட்ச் அதிகம் தேங்காத நேரமாகப் பார்ப்பார்கள்.

இதைப் பொறுப்பாகச் செய்தவர்கள் என்று இணையத் தகவலை மறையாக்கம் செய்யும் நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் குழுவைத்தான் சொல்வேன். 2014-இல் அதிலிருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெடித்த பிறகு உலகமே அந்த நிரலைத் திறந்து பார்த்தது, படிக்கவே சிரமமாக இருந்தது. 2015 ஜனவரியில், 1.0.2 வெளியாகும் சமயத்தில், மொத்த நிரலையும் ஒரே பாணிக்குக் கொண்டுவந்தார்கள். முதன்மைக் கிளையோடு நிறுத்தாமல் 1.0.1, 1.0.0, 0.9.8 என்று பழைய கிளைகளையும் சேர்த்தே மாற்றினார்கள். நாளைக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அதே பேட்ச் பழைய கிளையிலும் ஒட்ட வேண்டுமே, அதற்காக. மாற்றத்துக்கு முன், பின் என்று கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) டேக் என்ற அடையாளக் குறி வேறு போட்டார்கள், பாதியில் நிற்கும் பேட்ச்சை வைத்திருப்பவருக்கு அது பெரிய உதவி.

உங்கள் குழுவும் சம்மதித்தால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: அந்தக் கமிட்டில் (கிட்டில் ஒரே தடவையாகப் பதியும் மாற்றம்) ஃபார்மட்டைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது, கமென்ட்டில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துவது உட்பட. எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, என்ன கட்டளை என்று கமிட் செய்தியில் எழுதிவிடுங்கள். கிளாங்-ஃபார்மட்டின் வெவ்வேறு பதிப்புகள் ஒரே நிரலை வெவ்வேறு விதமாக மடக்கும், அதனால் பதிப்பு எண் முக்கியம். அதே கட்டளையை இன்னொருவர் ஓட்டி அதே முடிவு வந்தால் ரிவ்யூ முடிந்த மாதிரிதான்.

அப்புறம், முன்னும் பின்னும் கம்பைல் செய்து ஆப்ஜெக்ட் ஃபைல்களை (கம்பைலர் தரும் இயந்திர நிரல்) ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். டீபக் தகவலையும் அசெர்ட்டையும் (நிரலுக்குள் இருக்கும் சோதனை வரிகள்) அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும், வரி எண் மாறினாலே அவை மாறிவிடும். வேறு ஃபைல்களை உள்ளே சேர்க்கும் இன்க்ளூட் வரிகளில் கூடுதல் கவனம் வேண்டும். கிளாங்-ஃபார்மட்டின் பல தயார்ப் பாணிகள் அவற்றை அகர வரிசையில் அடுக்கிவிடும். விண்டோஸில் 'வின்சாக்2.எச்' முதலில் வர வேண்டும், 'விண்டோஸ்.எச்' அதற்குப் பிறகுதான். ஆங்கில அகர வரிசையோ இதைத் தலைகீழாக்கும், உடனே ஒரே பெயரை இரண்டு முறை அறிவித்ததாகப் பிழைகள் கொட்டும். முதல் தடவை அந்த வரிசைப்படுத்தலை அணைத்து வைப்பதே நல்லது. கையால் நிரை நிரையாக அடுக்கிய எண் அட்டவணை இருந்தால், அதைத் தொடாதே என்று கருவிக்குச் சொல்லும் கமென்ட்டைச் சுற்றிலும் போடுங்கள்.

கேள்வி: இப்படிச் செய்தால், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கிட் பிளேமில் எல்லா வரியிலும் ஃபார்மட் செய்தவர் பெயர்தானே நிற்கும்? – வாசகி, திருச்சி

முன்பெல்லாம் அப்படித்தான் நின்றது, பலர் இதற்குப் பயந்தே கை வைக்காமல் இருந்தார்கள். 2019-இல் வந்த கிட் 2.23 அதைத் தீர்த்துவிட்டது. ஒதுக்க வேண்டிய கமிட்டுகளின் அடையாள எண்களை ஒரு ஃபைலில் எழுதி அதைக் காட்டினால், பிளேம் அவற்றைத் தாண்டி அந்த வரியை உண்மையில் எழுதியவரிடம் போகும். பைதான் வலைச் சட்டகமான ஜாங்கோ 2022 பிப்ரவரியில் பிளாக் என்ற ஃபார்மட் கருவிக்கு மாறியபோது இப்படித்தான் செய்தார்கள். கிட்ஹப்பும் இந்த ஃபைலைப் படிக்கிறது.

கேள்வி: கம்பைலருக்கு இன்டென்ட் (உள்தள்ளல்) ஒரு பொருட்டே இல்லை, இதற்கு ஏன் இவ்வளவு பாடு? – வாசகர், சேலம்

படிப்பது மனிதர்கள் ஆயிற்றே! 2014-இல் பாதுகாப்பான இணைப்புக்கான ஆப்பிளின் எஸ்எஸ்எல் நிரலில் 'கோட்டூ ஃபெயில்' (தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. முதலாவது 'இஃப்' நிபந்தனைக்குள் அடங்கியது. இரண்டாவது அதே அளவு உள்தள்ளி நின்றதால் அதுவும் உள்ளே இருப்பதுபோல் தெரிந்தது, ஆனால் அது எப்போதும் ஓடி, கையொப்பச் சோதனையையே தாண்டிப் போனது. ஒரு ஃபார்மட்டர் அந்த வரியை இடப்பக்கம் தள்ளிக் காட்டியிருக்கும். 2016-இல் வந்த ஜிசிசி 6 கம்பைலர் இந்த மாதிரி உள்தள்ளலுக்கென்றே ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தது.

கேள்வி: எங்கள் மெயின்டெய்னர் முடியாது என்கிறார். என்ன செய்ய? – வாசகர், நாகர்கோவில்

விட்டுவிடுங்கள், பராமரிப்புச் சுமை அவருடையது. நீங்கள் எப்படியும் மாற்றப்போகிற வரிகளை மட்டும் ஒழுங்காக வையுங்கள், அதற்கென்றே கிட்-கிளாங்-ஃபார்மட் இருக்கிறது. சுத்தம் செய்யும் வேலையே பிடித்திருந்தால் லினக்ஸ் கெர்னலில், இன்னும் பக்குவப்படாத டிரைவர்கள் இருக்கும் 'டிரைவர்ஸ்/ஸ்டேஜிங்' பகுதிக்குப் போங்கள். கெர்னலின் மற்ற பகுதிகளில் வெறும் பாணித் திருத்தம் அனுப்பினால் முகம் சுளிப்பார்கள், ஸ்டேஜிங்கிலோ புதியவர்களிடமிருந்து அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.