குறைந்த விலைக்கு வரும் பழைய கிங் ஏர் பி200 விமானத்தை (ப்ரொப்பெல்லரால் பறக்கும் இரட்டை எஞ்சின் சிறு விமானம்) வாங்கலாமா? முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

இவ்வகை விமானங்களின் பராமரிப்பிலும், வாங்குவோர் சார்பில் நடக்கும் ஆய்வுகளிலும் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். விமானத்தை நேரில் பார்ப்பதற்கு முன்பே அதன் லாக் புத்தகங்களை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். புதுப் பெயின்ட்டும் தோல் இருக்கைகளும் சில வாரங்களில் வந்துவிடும். ஆனால் தொலைந்துபோன ஒரு பராமரிப்புப் பதிவை எந்தப் பட்டறையாலும் திரும்ப உண்டாக்க முடியாது.

விலையைத் தீர்மானிப்பவை எஞ்சின்கள்தான். பி200இல் உள்ள இரண்டு பி.டி.6ஏ-42 எஞ்சின்களுக்கும், உற்பத்தியாளரான பிராட் அண்ட் விட்னி கனடா பரிந்துரைக்கும் ஓவர்ஹால் (முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும் பணி) இடைவெளி பொதுவாக 3,600 மணி நேரம். அதன் நடுவே, ஏறத்தாழ 1,800 மணி நேரத்தில், எரிகலனையும், சூடான வாயுவால் சுழலும் டர்பைன் பகுதியையும் திறந்து பார்க்கும் ஹாட் செக்ஷன் ஆய்வு வரும். இரண்டு எஞ்சின்களும் ஓவர்ஹாலை நெருங்கியிருந்தால், அந்தச் செலவு பழைய விமானம் ஒன்றின் விலையையே எட்டிவிடக்கூடும். மலிவாகத் தோன்றும் பெரும்பாலான விளம்பரங்களுக்குப் பின்னால் நான் கண்ட காரணம் இதுதான்.

மணி நேரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கம்ப்ரஸர் (காற்றை அழுத்தும் பகுதி), டர்பைன் ஆகியவற்றின் இதழ்களைத் தாங்கிச் சுழலும் வட்டுகளின் ஆயுள் மணிக்கணக்கில் அல்ல, எஞ்சினை இயக்கிப் பறந்து நிறுத்தும் ஒவ்வொரு முறையையும் எண்ணும் சைக்கிள் கணக்கில் வரையறுக்கப்பட்டுள்ளது. ஒருமுறை நான் ஆய்வு செய்த விமானத்தில், ஓவர்ஹாலுக்கு இன்னும் பாதிக்கும் மேற்பட்ட நேரம் இருப்பதாக விற்பவர் சொன்னார், அது உண்மையும்கூட. ஆனால் குறுகிய தூரப் பயணங்களுக்கே பயன்பட்டு வந்ததால், இடது எஞ்சினின் வட்டுகள் சைக்கிள் வரம்பின் விளிம்பில் இருந்தன. வலது எஞ்சினில் மாற்றப்பட்டிருந்த ஒரு டர்பைன் வட்டுக்கோ, அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் சான்றிதழே இல்லை. சான்றிதழ் இல்லாத வட்டு, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், ஆயுள் முடிந்த வட்டுக்குச் சமம். வாங்கவிருந்தவர் மிகுந்த ஏமாற்றத்துடன் விலகினார். அன்று அவர் எடுத்தது சரியான முடிவு என்றே இன்றும் நம்புகிறேன்.

அதிகம் பறந்த விமானத்தைவிட, ஈரக்காற்றுள்ள இடத்தில் நெடுங்காலம் நின்றுபோன விமானத்தைக் கண்டால்தான் எனக்கு அச்சம் அதிகம். கம்ப்ரஸர் இதழ்களில் அரிப்பு பிடிக்கும், கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்கள் காய்ந்து கசியும், இறக்கையை உடலோடு இணைக்கும் போல்ட்டுகளில் துரு ஏறும். மேலும், பறந்தாலும் பறக்காவிட்டாலும் நாட்காட்டிப்படி வரும் வேலைகள் நிற்பதில்லை: கிங் ஏர் 200 வரிசையின் லேண்டிங் கியருக்கு (தரையிறங்கும் சக்கரத் தொகுதிக்கு) 8,000 சைக்கிள் அல்லது 6 ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது ஓவர்ஹால் செய்ய வேண்டும். ப்ரொப்பெல்லர்களுக்கும் இதுபோலவே ஆண்டு வரம்பு உண்டு.

ஆய்வைச் செய்யும் பட்டறை, அந்த விமானத்தை இதுவரை பராமரித்த பட்டறையாக இருக்கக் கூடாது. போர்ஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கருவியை உள்ளே செலுத்தி டர்பைன் இதழ்களைப் பார்க்கச் சொல்லுங்கள்; எஞ்சின்களை முழுத் திறனில் இயக்கி, வெப்பநிலையையும் டார்க்கையும் (சுழற்றும் விசையையும்) உற்பத்தியாளரின் அட்டவணையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பேட்டரியையும் விட்டுவிடாதீர்கள். எஞ்சினைத் தொடங்கும்போது, சார்ஜ் குறைந்த பேட்டரியால் அது மெதுவாகச் சுழன்று, தேவையான காற்று கிடைக்காமல் டர்பைன் அளவுக்கு மீறிச் சூடாகும். அப்படிப்பட்ட ஒரே ஒரு ஹாட் ஸ்டார்ட் பெரும் செலவை வைத்துவிடும்.

முன்பணம் கொடுக்குமுன், ஆய்வில் தெரியவரும் பறப்புத் தகுதிக் குறைபாடுகளை விற்பவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், மறுத்தால் முன்பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் பெறுங்கள். பணம் விற்பவரின் கையில் அல்லாமல், இருவருக்கும் பொதுவான மூன்றாம் தரப்பின் கணக்கில் இருக்கட்டும். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் நான் யாரையும் வாங்கவிட்டதில்லை.