முதலில் ஃபில்டர், பிறகு மீன்: சுங்கை சிப்புட்டில் கேட்ட கேள்விகள்

பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மீன் வளர்க்கிற நம்மவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பள்ளி விடுமுறை வந்தால் பாசார் மாலாமில் இருந்து பிளாஸ்டிக் பையில் மீனோடு வீடு திரும்பும் பிள்ளைகள் நிறைய. அந்த மீன்களில் பாதி அடுத்த மாதம் உயிரோடு இருப்பதில்லை. பெரும்பாலும் காரணம் நோய் இல்லை, தண்ணீர்தான். அதனால் தண்ணீர் பற்றிய கேள்விகளுக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (தாமானில் குடியிருக்கும் ஓர் அம்மா): மகனுக்காக 2 அடி தொட்டி வாங்கி, கடையில் கொடுத்த ஃபில்டரை மாட்டி, அன்றைக்கே 12 மீன் விட்டோம். மூன்றாம் நாள் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது. முழுத் தண்ணீரையும் மாற்றினேன், ஃபில்டரையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அப்படியும் மீன் சாகிறது. ஃபில்டர் கோளாறா?

பதில்: ஃபில்டரில் கோளாறு இருக்காது அம்மா. அதில் குடியேற வேண்டிய பாக்டீரியா இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அது கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும்போதே மீனைக் கொன்றுவிடும். ஒரு வகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். அது இரத்தத்தில் கலந்தால் இரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். தண்ணீரில் காற்று தாராளமாக இருந்தும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட்டால் அவ்வளவு கெடுதல் இல்லை, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு வகையும் போதிய அளவு பெருக பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

நீங்கள் பார்த்த பால் நிறம் வேறு ஒரு பாக்டீரியா. மிஞ்சிய தீனியைத் தின்று பெருகியது, தானாகவே அடங்கிவிடும். நமக்கு வேண்டிய பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதைவிட ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும்தான் ஒட்டி வாழ்கிறது. குழாய்த் தண்ணீரில் வரும் குளோரின் கிருமியைக் கொல்வதற்காகவே போடுவது. அதில் பஞ்சைத் தேய்த்துக் கழுவியபோது, அதுவரை வந்து ஒட்டியிருந்த கொஞ்சமும் போய்விட்டது.

இப்போது செய்ய வேண்டியது: தினமும் கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுங்கள், ஆன்டி-குளோரின் கலந்து ஊற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை தீனி போதும். பல மாதமாக நல்லபடி ஓடும் தொட்டி வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால், அவருடைய பழைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். வழியில் காயவிடாமல் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே போட்டுக் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். பாட்டிலில் விற்கும் எந்த மருந்தையும்விட எனக்கு இந்தத் துண்டுப் பஞ்சின் மேல்தான் நம்பிக்கை. சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து 0 காட்டும் வரை புது மீன் வேண்டாம்.

கேள்வி (தோட்ட வர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் ஓர் அண்ணன்): ஸ்பஞ்சு ஃபில்டர், தொங்கவிடும் ஃபில்டர், டாப் ஃபில்டர், கேனிஸ்டர் என்று கடையில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: அண்ணே, முதலில் உங்கள் தொட்டியில் எத்தனை லிட்டர் என்று பாருங்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் ஏறக்குறைய 55 லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் நிற்கும். ஃபில்டர் ஒரு மணி நேரத்தில் அந்தத் தண்ணீரை 4, 5 முறை சுற்ற வேண்டும், அதாவது 180 முதல் 225 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கும் கணக்கு வெறும் பம்ப்புக்கு எடுத்தது. உள்ளே பஞ்சு வைத்து, அதில் அழுக்கும் ஏறினால் ஓட்டம் வெகுவாகக் குறையும். அதனால் 300, 350 என்று போட்டிருப்பதை எடுங்கள்.

2 அடி தொட்டியில் சின்ன மீன்களுக்கு நான் சொல்வது ஸ்பஞ்சு ஃபில்டர்தான். விலை குறைவு, குஞ்சுகளை உறிஞ்சாது, கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை. ஏர் பம்ப்பின் காற்றில்தான் அது ஓடும், அதனால் ஏர் பம்ப் மட்டும் நல்லதாக வாங்குங்கள். மேலே கிளம்பும் குமிழி தண்ணீரின் மேற்பரப்பைக் கலக்கிவிடுகிறது, நம் ஊர் வெப்பத்துக்கு அது ரொம்ப முக்கியம். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். நம் வீட்டுத் தொட்டி மத்தியானத்தில் 30 டிகிரியைத் தொடும், அப்போது ஏழரைதான். இங்கே ஹீட்டருக்குச் செலவழிப்பதைவிட காற்றுக்குச் செலவழிப்பது மேல்.

தொட்டியின் மேல் வைக்கும் டாப் ஃபில்டரும் நல்லதுதான். ஆனால் பலர் அதில் வெள்ளைப் பஞ்சை மட்டும் விரித்து, கறுத்ததும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வைக்கிறார்கள். பாக்டீரியாவும் அதோடு குப்பைக்குப் போகிறது. வெள்ளைப் பஞ்சுக்கு அடியில் செராமிக் ரிங்கோ கரடுமுரடான ஸ்பஞ்சோ நிரந்தரமாக இருக்கட்டும். தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டரான கேனிஸ்டர் 3 அடிக்கு மேற்பட்ட தொட்டிக்கும் அழுக்கு அதிகம் போடும் பெரிய மீனுக்கும் பொருந்தும். 3 அடிக்கு ஒன்றரை, ஒன்றரை என்றால் 190 லிட்டர். அந்தத் தொட்டியின் கனம், கண்ணாடியும் கல்லும் சேர்த்து 200 கிலோவைத் தாண்டும். பழைய பலகைத் தரை வீடாக இருந்தால் தொட்டியை நடுக்கூடத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி (அதே அண்ணன்): கழுவுவது எப்படி?

பதில்: வாரத் தண்ணீர் மாற்றும்போது தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, ஸ்பஞ்சை அதற்குள் முக்கி அமுக்குங்கள். முதல் பிழிசலில் கறுப்பாகக் குழம்பு வரும், இரண்டாவதில் பழுப்பு. மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பஞ்சு பழுப்பாகவே இருக்கட்டும், தொட்டால் லேசாக வழுக்க வேண்டும். வாளித் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுங்கள். இரண்டு ஸ்பஞ்சு இருந்தால் ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது.

கேள்வி (படிவம் 2 மாணவன்): அங்கிள், கப்பி, கோல்டு பிஷ், ஒரு இக்கான் பண்டாராயா (கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சுவாய் மீன்) மூன்றும் என் 2 அடி தொட்டியில் சேர்ந்து இருக்குமா?

பதில்: சேராது தம்பி. கோல்டு பிஷ் குளிர்ந்த நீரில் வாழும் மீன், 18 முதல் 23 டிகிரி வரை அதற்குச் சுகம். நம் ஊர்ச் சூட்டில் உயிர் வாழும், ஆனால் தின்பதும் கழிப்பதும் அதிகம். உன் ஃபில்டர் தாங்காது. கொஞ்சம் பெரிதானதும் வாய்க்குள் அடங்குகிற கப்பியையும் விழுங்கிவிடும்.

பண்டாராயா, கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கடையில் விரல் நீளம் இருப்பது 40 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். பாசியைத் தின்பதைவிடப் பல மடங்கு கழிவு போடும். அப்புறம் வைத்துக்கொள்ள முடியாமல் ஆற்றில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அது தென் அமெரிக்க மீன், நம் ஆற்றில் அதைத் தின்ன ஆள் இல்லை. கரையைக் குடைந்து வளை போடும். கிளாங், லங்காட் ஆறுகளில் அது பெருகிக் கிடப்பது இப்படி விட்டதால்தான். தம்பி, தொட்டி மீனை எந்தக் காரணத்துக்காகவும் ஆற்றிலோ பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலோ விடாதே. வேண்டாம் என்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. கண்ணாடியில் பாசி படிந்தால் பழைய பிளாஸ்டிக் கார்டால் வழி, விளக்கை நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதே.

கப்பி மட்டும் வளர்க்க ஆசையென்றால் தாராளமாக வளர்க்கலாம். ஆணை மட்டும் வாங்கு, இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் தொட்டி நிரம்பிவிடும்.

கேள்வி (ஓய்வுபெற்ற கிராணி ஐயா): அப்படியென்றால் இந்த ஊர்த் தண்ணீருக்கு எந்த மீன்தான் பொருத்தம்?

பதில்: ஐயா, எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. நம் காட்டு ஓடைகளின் மீனே நமக்கு மிகப் பொருத்தம். ஹார்லிக்குயின் ரஸ்போரா என்று கேளுங்கள். செம்பு நிற உடம்பில், வயிற்றிலிருந்து வால் வரை கறுப்பு முக்கோணம் ஒன்று இருக்கும். தீபகற்ப மலேசியாவின் சதுப்புக் காடுகளில் தேநீர் நிறத்தில் ஓடும் தண்ணீர்தான் அதன் பிறப்பிடம். 4, 5 சென்டிமீட்டருக்கு மேல் வளராது. 2 அடி தொட்டியில் 8, 10 சேர்த்து விட்டால் கூட்டமாகத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தனியாக இரண்டு வாங்கினால் மூலையில் ஒளிந்துகொள்ளும்.

நீங்கள் 3 அடி வைத்தால் முத்துக் கௌராமி ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் சேருங்கள். அதுவும் இந்த மண்ணின் மீன்தான். மேலே வந்து நேரடியாகக் காற்றை உறிஞ்சும் உறுப்பு அதற்கு உண்டு, ஆகவே சூட்டில் தவிக்காது. வேகமான ஓட்டம் பிடிக்காது, ஃபில்டர் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை ஒன்றிரண்டு, காய்ந்து தானாக உதிர்ந்ததாக, மருந்து தெளிக்காத மரத்தடியில் பொறுக்கிக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் லேசாகப் பழுப்பேறும். அது அழுக்கு இல்லை, இந்த மீன்களின் நிறம் கூடுவதை இரண்டே வாரத்தில் பார்ப்பீர்கள். நியான் டெட்ரா அழகுதான், ஆனால் 26 டிகிரிக்கு மேல் அது சிரமப்படும். அதே மாதிரி வேண்டுமென்றால் கார்டினல் டெட்ரா வாங்குங்கள், சூடு தாங்கும்.

கேள்வி (லயத்தில் இருக்கும் ஓர் அக்கா): எங்கள் வீட்டில் மலைத் தண்ணீர்தான் வருகிறது. மழைத் தண்ணீரும் பிடிப்போம். குளோரின் இல்லையே, அப்படியே ஊற்றலாமா?

பதில்: குளோரின் இல்லாதது நல்லதுதான் அக்கா. இரண்டு விஷயம் பாருங்கள். மழைத் தண்ணீரிலும் கருங்கல் மலையிலிருந்து வரும் ஓடைத் தண்ணீரிலும் தாது உப்பு மிகக் குறைவு. தொட்டியில் நாளாக ஆக அமிலம் சேரும்போது அதைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது, தண்ணீரின் அமில அளவைக் காட்டும் பிஎச் சரிந்துவிடும். பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். கப்பி, மோலி வளர்ப்பதானால் ஒரு கைப்பிடி பவளக்கல் துண்டைத் துணிப்பையில் கட்டி ஃபில்டர் பக்கத்தில் வையுங்கள். ஹார்லிக்குயினுக்கு அதில் கால் பங்கு போதும். ஈப்போ பக்கம் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு அடியில் கிணறு இருப்பவர்களுக்கு நேர்மாறு, அவர்கள் தண்ணீர் கடினமாக இருக்கும், பவளக்கல் தேவைப்படாது.

இரண்டாவது, உங்கள் ஓடை செம்பனைக்கு நடுவே வருகிறதா என்று பாருங்கள். உரம் போட்ட வாரத்திலும் களைக்கொல்லி அடித்த வாரத்திலும், பெரிய மழை விட்ட மறுநாளும் அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். பெரிய தோம்பு ஒன்றில் நல்ல தண்ணீரை முன்கூட்டியே பிடித்து மூடி வைத்துக்கொள்ளுங்கள். மூடாவிட்டால் கொசு முட்டையிடும்.

கேள்வி (தாமானில் இன்னொருவர்): டிங்கிக்குப் புகையடித்த மறுநாள் என் மீன் எல்லாம் செத்துப்போயின. புகைதான் காரணமா?

பதில்: பெரும்பாலும் அதுதான். கொசுவுக்கு அடிக்கும் மருந்துகளில் பைரெத்ராய்டு வகை அதிகம். மனிதருக்கு ஓரளவு பாதுகாப்பானது, மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். ஏர் பம்ப் வீட்டுக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் தள்ளுகிறது, அதில்தான் ஆபத்து.

புகை மெஷின் சத்தம் அடுத்த தெருவில் கேட்கும்போதே ஏர் பம்ப்பை நிறுத்துங்கள். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப் இருந்தால் அது ஓடட்டும், காற்று இழுக்கும் குழாயை மட்டும் கழற்றிவிடுங்கள். ஈரத்துணியைத் தொட்டி மேல் போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் விரித்து ஓரத்தை ஒட்டுங்கள். புகை அடங்கியதும் ஜன்னலைத் திறந்து வீட்டைக் காற்றோட்டமாக்குங்கள், பிறகுதான் மூடியைத் துடைத்து எடுத்து ஏர் பம்ப்பைப் போட வேண்டும். மீன் கூட்டமில்லாத தொட்டி இரண்டு மணி நேரம் தாங்கும். கொசுவர்த்தியும் ஸ்ப்ரேயும் இதே வகை மருந்துதான், தொட்டி இருக்கும் அறையில் வேண்டாம்.

கேள்வி (ஓர் இளைஞர்): இடி மழையில் கரண்டு போனால்?

பதில்: பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். தீனி போடாதீர்கள். கேனிஸ்டர் பல மணி நேரம் நின்றுவிட்டால் உள்ளே காற்றில்லாமல் பாக்டீரியா செத்து அழுகும். அதை அப்படியே ஓடவிடாமல் உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு மாட்டுங்கள். ஏர் பம்ப்பை எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் கரண்டு நின்றதும் தண்ணீர் குழாய் வழியே இறங்கி பம்ப்புக்குள் வந்துவிடும்.

கேள்வி (அதே இளைஞர்): கடை திறக்கப் போகிறேன், ராசிக்கு கெலிசா (அரோவானா) மீன் வைக்கலாம் என்கிறார்கள். 3 அடி தொட்டி போதுமா?

பதில்: போதாது. நம் பேராக்கின் புக்கிட் மேரா ஏரியில் பிறந்த பொன்னிற மீன் அது, உலகமே தேடுகிற மீன். 90 சென்டிமீட்டர் வரை வளரும். குறைந்தது 6 அடி நீளம், இரண்டரை அடி அகலத் தொட்டியும் பெரிய ஃபில்டரும் மேலே கனமான மூடியும் வேண்டும், துள்ளி வெளியே விழுந்து சாவது வழக்கம். காட்டில் அருகிவிட்ட இனம் என்பதால் அருகும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. உடம்பில் மைக்ரோசிப்பும் கையில் சான்றிதழும் இல்லாமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கடையில் ஒரு தொட்டி அழகாக இருக்க வேண்டும் என்பதுதான் ஆசையென்றால், அதே 3 அடியில் முத்துக் கௌராமியும் 15 ஹார்லிக்குயினும் விடுங்கள்.

கேள்வி (முதலில் கேட்ட அம்மா): தீபாவளிக்கு ஒரு வாரம் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டில் தீனி போடச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. வளர்ந்த ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் தின்னாமல் நன்றாகவே இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை பாசத்தில் அள்ளிப் போட்டுவிட்டால்தான் ஆபத்து. அவர்களிடம் ஃபில்டர் ஓடுகிறதா என்று மட்டும் தினமும் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் மாற்றுவதைக் கிளம்பும் நாளில் வைத்துக்கொள்ளாமல் மூன்று நாள் முன்னாடியே முடித்துவிடுங்கள். ஏதாவது கோளாறு வந்தால் சரிசெய்ய நீங்கள் வீட்டில் இருப்பீர்கள்.