உள் அறைக்கும் காபி வருமா?

கேள்வி: மயாமியிலிருந்து ராயல் கரீபியன் கம்பெனியின் உல்லாசக் கப்பலில் குடும்பமாகப் போகிறோம், எடுத்திருப்பது ஜன்னல் இல்லாத உள் அறை. காலைச் சாப்பாட்டை அறைக்கே வரவழைக்கலாமா, இல்லை அதெல்லாம் சூட் என்கிற பெரிய சொகுசு அறை எடுத்தவர்களுக்குத்தானா?

பதில்: தாராளமாக வரவழைக்கலாம். க்ரோசான், மஃபின், பழம், சீரியல், ஜூஸ், காபி என்று சூடாகச் சமைக்காத கான்டினென்டல் வகை எந்த அறைக்கும் இலவசம். முட்டை, சாசேஜ் மாதிரி சூடாக வேண்டும் என்றால்தான் கட்டணம். 2017-ல் கொண்டுவந்தபோது 7.95 டாலர், அதன்மேல் 18 சதவீதம் டிப்ஸ். ஆனால் அது ஆர்டருக்குத்தான், தட்டுக்கு இல்லை, அதனால் எல்லோருக்கும் வேண்டியதை ஒரே ஆர்டரில் சொல்லிவிடுங்கள்.

மற்ற கம்பெனிகளில் கணக்கு வேறு. கியூனார்ட் கப்பல்களில் குவீன்ஸ் கிரில் என்கிற உயர்வகுப்பு சூட் எடுத்தவர்களுக்கு பட்லர், அதாவது தனிப் பணியாளர், உண்டு, உணவக மெனுவையே அறைக்கு வரவழைக்கலாம்.

உள் அறையில் மேசை ரொம்பச் சின்னது, காபி ஜாடியும் ரெண்டு தட்டும் வைத்தாலே நிறைந்துவிடும். என்னைக் கேட்டால், துறைமுகத்தில் சீக்கிரம் இறங்க வேண்டிய நாளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு பஃபேயில் நிற்க இடம் இருக்காது. அப்புறம், பயணம் முடிந்து இறங்கும் கடைசிக் காலையில் பெரும்பாலும் இந்தச் சேவை கிடையாது.