35 அங்குல டயர் போட்டால் ஆக்சில் கியரை மாற்ற வேண்டுமா?

பழைய ஜேகே தலைமுறை ஜீப் ராங்லர் ரூபிகானில் 32 அங்குலத்தை எடுத்துவிட்டு 35 போட்டதும் மேட்டில் திணறுகிறது, 4.10 ஆக்சில் கியரை (சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர்பாக்ஸ் பக்கமிருந்து வரும் தண்டு 4.10 முறை சுற்றும்; எண் கூடினால் இழுவை கூடும்) மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றுங்கள். டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி ஓடும் தூரம் கூடும், இழுவை குறையும். ஐந்தாவது கியரில் ஏறிய மேட்டுக்கு நான்காவது கேட்கும்.

கணக்கு எளிது: 4.10 × 35 ÷ 32 = 4.48. அதற்குப் பக்கத்தில் கிடைப்பது 4.56. ஆனால் டயரின் கூடுதல் எடை இந்தக் கணக்கில் வராது. கல்லும் மேடுமாக ஓட்டுவதென்றால் நான் 4.88தான் போடுவேன், நெடுஞ்சாலையில் எஞ்சின் கொஞ்சம் கத்தும், பரவாயில்லை.

அப்புறம், முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். செலவுக்குப் பயந்து பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் டிரைவைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போய்விடும். ஸ்பீடாமீட்டரையும் திருத்துங்கள், அது 60 காட்டும்போது நீங்கள் 65-ஐத் தாண்டியிருப்பீர்கள்.