இரண்டு ஆல்டிகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியில் டோர்ட்முண்டில் இருக்கிறேன். வாரச் சாமான் எல்லாம் ஆல்டி என்ற மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டில்தான். அண்ணன் தம்பி மனஸ்தாபத்தில்தான் கம்பெனி இரண்டானது என்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் பாகம் பிரித்தபோது இரண்டு கடையும் படுத்துவிட்டன. இவர்கள் மட்டும் நாடு நாடாக வளர்ந்தது எப்படி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆல்டி என்ற பெயரில் முதல் கடை 1962-இல் உங்கள் ஊரில்தான் திறந்தது. அதன் வேர் பக்கத்து எஸ்ஸன் நகரில், 1913-இல் தொடங்கிய அல்பிரெக்ட் குடும்பத்தின் சின்ன மளிகைக்கடை. அம்மா அன்னா நடத்தியது. போருக்குப் பின் கார்ல், தியோ என்ற மகன்கள் கைக்கு வந்தது. 1950-இல் 13 கடைகள்.

அன்று ஜெர்மனியில் சில்லறைக் கடைக்காரர் 3 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது என்று சட்டம். மற்ற கடைகளில் அதற்கு ஸ்டாம்ப் தருவார்கள். ஒட்டிச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் காசு. இவர்களோ அதை விலையிலேயே கழித்துவிட்டார்கள். வாரக்கூலியில் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அந்தக் காசு அன்றைக்கே கையில் நின்றது. ஓடாத சரக்கைத் தூக்கினார்கள். விளம்பரம் இல்லை, அலங்காரம் இல்லை. வந்த அட்டைப்பெட்டியை வெட்டித் திறந்து அப்படியே வைத்தார்கள்.

1960 வாக்கில் கடைகள் சுமார் 300. சிகரெட் விற்பதில்தான் பேச்சு முறிந்தது: தியோவுக்கு ஆசை, திருட்டு பெருகும் என்று கார்லுக்குப் பயம். வடக்கு தியோவுக்கு, தெற்கு கார்லுக்கு என்று நாட்டையே கோடு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. ஊரைப் பிரித்தார்கள், வியாபார முறையைப் பிரிக்கவில்லை. ஒருவர் கடைக்கு எதிரே மற்றவர் கடை போட்டு விலையைக் குறைத்து அழியவில்லை. பாகம் பிரிக்கும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் இதைத்தான் கோட்டைவிடுகின்றன.

வெளிநாட்டிலும் அதே ஏற்பாடு. ஆஸ்திரியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா தெற்குக்கு. நெதர்லாந்து, பெல்ஜியம் வடக்குக்கு. அமெரிக்காவில் மட்டும் இருவரும் உண்டு: 1976-இல் தெற்கு ஆல்டி என்ற பெயரிலேயே போனது, 1979-இல் தியோ தரப்பு ட்ரேடர் ஜோஸ் என்ற அங்குள்ள மளிகைக் கடைத் தொடரை வாங்கி அந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இவ்வளவு பெரிய கொள்முதல்காரர் விலையை அழுத்தினால் பால் கொடுக்கும் விவசாயியால் தாங்க முடியாது. 2020-இல் ஜெர்மன் விவசாயிகள் டிராக்டர்களோடு ஆல்டி கிடங்குகளை மறித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.