ஹாலோவீன் இரவில் (அக்டோபர் 31, பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் நாள்) நடக்கும் அமெச்சூர் துப்பறியும் கதைக்கு எப்படித் துப்பு வைப்பது?

கதை அமெரிக்கச் சிற்றூரில் நடந்தால் துப்பாக முகமூடியை மட்டும் நம்பாதீர்கள். வாசகர் முதலில் சந்தேகப்படுவதே அதைத்தான். வாசல் விளக்கு நல்ல துப்பு. எரிந்தால் பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வரலாம் என்று பொருள். கிண்ணம் நிறைய மிட்டாய் இருந்தும் விளக்கு அணைந்திருந்தால், அணைத்தது யார்? அலங்காரத்துக்குச் செதுக்கிய பூசணி சில நாளிலேயே பூஞ்சை பிடித்துச் சுருங்கும். 'இன்று காலைதான் செதுக்கினேன்' என்ற பொய் அங்கே உடையும்.

எல்லாவற்றையும்விட ருசியானது கடிகாரம். 2026 போல அக்டோபர் 31 சனிக்கிழமையில் வந்தால், கோடைக்கால நேரம் முடிவதால் மறுநாள் விடிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை 1 மணிக்குத் திருப்புவார்கள். ஆக, 1.30 இரண்டு முறை வரும். கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும், பழைய சுவர்க்கடிகாரம் மாறாது. சாட்சி எதைப் பார்த்தார் என்று உங்கள் அமெச்சூர் துப்பறிவாளர் கேட்கட்டும். ஹவாய் போன்ற இடங்களில் மட்டும் கதையை வைக்காதீர்கள், அங்கே இந்த நேரமாற்றமே இல்லை.