மீன்காரர் பதில்கள்: மெனு இல்லாத உணவகம்

கேள்வி: ஐயா, எங்கள் 30-வது திருமண நாளுக்கு மகள் எங்களை ஜோஹன்னஸ்பர்கில் ஒரு ஜப்பானிய உணவகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள். 'ஒமகாசே' என்கிறாள். மெனு கிடையாதாம். சமையற்காரர் முன்னால் வரிசையாக உட்கார்ந்து, அவர் கொடுப்பதைத்தான் சாப்பிட வேண்டுமாம். என் கணவர் மாட்டிறைச்சி தொடமாட்டார். எனக்கு நண்டும் இறாலும் ஒத்துக்கொள்ளாது. பச்சை மீன் என்றால் பயம் வேறு. இதெல்லாம் வேண்டாம் என்று சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடுமா?
— ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: சகோதரி, உங்கள் இருவருக்கும் வாழ்த்துகள். தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் எனக்கு எழுதிய இந்த மூன்றையும், நண்டு, இறால், மாட்டிறைச்சி என்று, அந்த உணவகத்துக்கு இன்றைக்கே போன் செய்து மகளைச் சொல்லச் சொல்லுங்கள். போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் காலம் கடந்துவிடும்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். 2017-ல் என் மகன் ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் போனபோது டோக்கியோவில் கின்சா பக்கம் ஒரு சின்னக் கடைக்கு அழைத்துப்போனான். எட்டே நாற்காலிகள். என் மனைவிக்கும் உங்களைப் போலத்தான், இறால் பட்டாலே உதடு வீங்கும். முதல் துண்டு வந்த பிறகுதான் மகனுக்கு அது ஞாபகம் வந்தது. அந்தச் சமையற்காரர் முகம் சுளிக்கவில்லை. பலகையை மாற்றினார், கத்தியையும் கையையும் கழுவினார், அப்புறம் எங்கள் பக்கம் திரும்பித் தலைகுனிந்து ஏதோ சொன்னார். வேறு மீன் போதுமான அளவு இல்லை என்று வருத்தப்படுகிறார் என்றான் மகன். காலையில் சந்தையில் எட்டுப் பேருக்கு எண்ணி வாங்கியிருக்கிறார். தப்பு எங்களுடையது, மன்னிப்புக் கேட்டது அவர். அது இன்னும் என் மனதை உறுத்துகிறது.

ஒமகாசே என்றால் 'உங்களிடமே விட்டுவிடுகிறேன்' என்று பொருள். கல்யாணச் சமையலை ஒருவரிடம் விடும்போது, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை உண்டு என்று முன்னாடியே காதில் போட்டுவைப்போம் இல்லையா? அதனால் யாருக்கும் மரியாதை குறைவதில்லை. இங்கேயும் அதேதான்.

பச்சை மீன் பயத்துக்கு வருகிறேன். மீனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். உப்பும் வினிகரும் அதைக் கொல்லாது. நன்றாக வேகவைத்தால் சாகும், ஆழ்ந்த குளிரில் உறையவைத்தாலும் சாகும். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் என்பது அமெரிக்கர்கள் வைத்திருக்கும் கணக்கு. நல்ல கடை இதைச் செய்திருக்கும். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமே வேண்டாம். 45 வருடம் மீன் விற்றவன் சொல்கிறேன்: பதில் சொல்லத் தயங்குகிற கடையில் பச்சை மீன் சாப்பிடாதீர்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் எந்தக் கடையிலுமே தவிர்ப்பது நல்லது.

அங்கே எல்லோரும் டூனாவின் கொழுத்த வயிற்றுத் துண்டுக்காகக் காத்திருப்பார்கள். நீங்கள் வெள்ளித் தோல் மினுங்கும் சின்ன மீன் வருகிறதா என்று பாருங்கள். டோக்கியோவில் எனக்குக் கொடுத்தது கொஹாடா. நம் சார்டினுக்கு உறவு. வளர வளர அதற்குப் பெயர் மாறும்: குஞ்சாக இருந்தால் ஷின்கோ, அப்புறம் கொஹாடா, அப்புறம் நகசுமி, முழுதாக வளர்ந்தால் கொனோஷிரோ. அதை உப்பில் கொஞ்ச நேரம், வினிகரில் கொஞ்ச நேரம் போட்டு எடுக்கிறார்கள். எவ்வளவு நேரம் என்பதை மீனின் அளவையும் கொழுப்பையும் அன்றைய வெயிலையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம்.

அதை மகன் மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. என் தாத்தா கரைவலைக்காரர். டர்பன் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில் நம் மீனவர்கள் குடியிருந்த காலத்தில் அங்கே பிறந்தவர். ஜூன், ஜூலையில் 'சார்டின் ரன்' என்று சார்டின் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வந்தால் வீடு முழுக்க மீன்தான். அம்மா உப்பைப் பிசிறிவிட்டு வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பாள். ஈரக்காற்று அடித்தால் ஒரு கணக்கு, காய்ந்த காற்று என்றால் இன்னொரு கணக்கு. கடிகாரம் பார்த்ததே இல்லை. கின்சாவில் அந்தத் துண்டை வாயில் போட்டதும் உப்பு சரியாக நின்றது. அம்மா இருந்திருந்தால் அந்த மனிதரோடு ஒரு மணி நேரம் பேசியிருப்பாள், பாஷை தெரியாமலே.

மற்றபடி பெரிய சடங்கு எதுவும் இல்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள், அதனால் தாமதமாகப் போகாதீர்கள். சென்ட் பூசிக்கொள்ள வேண்டாம், மீனின் வாசனையே தெரியாமல் போகும். மீன் துண்டுக்கு அடியில் வைக்கும் சோற்றைக் கைச்சூட்டில் இருக்கும்படி பிடித்துக் கொடுப்பார். ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள், போட்டோ அப்புறம். கையால் எடுத்துச் சாப்பிடலாம், நமக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. சோயா சாஸை அநேகமாக அவரே மேலே தடவிவிடுவார், திரும்பத் தோய்க்க வேண்டாம். இஞ்சித் துண்டு ஒரு மீனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வாயைச் சுத்தம் செய்ய. ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் இல்லை. இங்கே நம் ஊர் வழக்கப்படி 10 முதல் 15 சதவீதம். மொத்தம் எவ்வளவு என்பதையும் முன்னாடியே கேட்கச் சொல்லுங்கள். மகள்தான் கொடுக்கப்போகிறாள் என்றாலும் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புரட்டாசியில் நண்பர்களோடு அப்படி ஒரு இடத்துக்குப் போக நேர்ந்தால், மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காய்கறி மட்டும் சாப்பிடலாமா?
— ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: தம்பி, அந்தக் காய்கறியிலும் மீன் இருக்கும். சூப், முட்டை, வேகவைத்த கத்தரிக்காய் எல்லாவற்றுக்கும் அடியில் 'தாஷி' என்ற சாறு ஓடுகிறது. அதைப் பெரும்பாலும் கொம்பு என்ற கடல்பாசியும் கட்சுவோபுஷியும் போட்டு எடுப்பார்கள். கட்சுவோபுஷி வேறொன்றுமில்லை, நம் மாசிக் கருவாட்டுக்கு அண்ணன்: இரண்டுமே சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கல் மாதிரி காயவைத்தது. துருவிப் போட்டால் கண்ணுக்கே தெரியாது. பாசியும் காளானும் மட்டும் போட்டு எடுக்கும் தாஷியும் உண்டு, புத்த மடங்களில் அப்படித்தான் சமைப்பார்கள். ஆனால் மீனுக்கென்றே இருக்கும் ஒரு கடையில் உங்கள் ஒருவருக்காக அதைச் செய்யச் சொல்வதை விட, அக்டோபர் நடுவில் மாதம் முடிந்து, வீட்டில் விரதம் விட்ட பிறகு போங்கள். நண்பர்களிடம் காரணத்தைச் சொல்லுங்கள், இரண்டு வாரம் தள்ளிவைப்பார்கள்.